சத்லஜ் கரையில் மாவுக் கணக்கு

சண்டையை எழுதுகிறவள் இல்லை நான்.
மாவு எழுதுகிறவள். பெயர் பசந்த் கௌர்.
அக்கரையில் இங்கிலீஷ் கும்பினி.
தெற்கே பஹாவல்பூர் துறையில் ஒல்லாந்துக் கும்பினி.
இடையில் நாங்களும் எங்கள் நூற்றிருபது அடுப்பும்.

சூரத்தில் அவர்கள் முதலில் அடித்துக்கொண்டது
அவுரிக்காக.
அந்தச் சண்டை ஒட்டகமேறி, மணல் தாண்டி,
பதினோரு வருஷம் கழித்து
எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது
உப்பு என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தது.

தூதர்கள் ஒரே வாரத்தில் வந்தார்கள்.
இங்கிலீஷ்காரர் கொடுத்தது ஒரு கடிகாரம்.
ஒல்லாந்தர் கொடுத்தது அதைவிடப் பெரிய கடிகாரம்.
சர்தார் விர்சா சிங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
ஒன்று நாலு அடித்தது. மற்றது
யோசித்துவிட்டு நாலேகாலுக்கு அடித்தது.
"முதலில் நீங்கள் பேசி ஒரு மணிக்கு வாருங்கள்" என்றார்.
பீரங்கியோடு வந்தார்கள்.

முதல் நாள் எண்பத்துநாலு மணங்கு மாவு.
மறுநாள் எழுபத்தொன்று.
அதற்கும் மறுநாள் ஐம்பத்தெட்டு.
செத்தவர் தொகையை யாரும் என்னிடம் சொல்லவில்லை;
மிஞ்சிய ரொட்டி சொன்னது.

நத்தா சிங் என்றொரு பீரங்கிக்காரன்,
கடைசி வரிசை, ஐந்து ரொட்டி,
பச்சை வெங்காயம் இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டான்.
நான்காம் நாள்
வெங்காயம் கூடையிலேயே கிடந்தது.
என் கணக்கில் அதற்குப் பத்தி இல்லை.

ஐந்தாம் இரவு மூடுபனி.
யார் முதலில் கடப்பது என்று
இரண்டு கும்பினிகளும் ஒரே துறையில் இறங்கி,
எதிரே வருவது நாங்கள் என்று நினைத்து
விடியும்வரை ஒன்றையொன்று சுட்டன.
நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடிந்ததும் நனைந்த ஆட்கள் இக்கரை ஏறினார்கள்.
சிவப்புச் சட்டைக்காரனுக்கும் நீலச் சட்டைக்காரனுக்கும்
பல்லியா பக்கம் ஒரே ஊராம்,
இருவருக்கும் எட்டு மாதச் சம்பளம் பாக்கியாம்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
படைக்கு முன்னால் தள்ளப்பட்டு
பந்திக்குக் கடைசியாக வந்தவர்கள் இவர்கள்.
உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார்கள்.
அன்றைக்கு நூற்றுப்பன்னிரண்டு மணங்கு.
கோட்டையில் வெற்றி வெடி முழங்க,
பற்று என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போயிற்று.
"உப்பை இனி யார் விற்பது? நாமே ஒரு கும்பினி வைப்போம்,
புதுப் பேரேடு கொண்டு வா" என்றார் சர்தார்.
ஒல்லாந்தர் விட்டு ஓடிய காகிதம்தான் கையில் இருந்தது.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
தாளுக்குள்ளே ஒரு சிங்கம், அவர்களுடையது.
எங்கள் ஆண்கள் எல்லோர் பெயரிலும் சிங்கம் இருக்கிறது.
ஒன்றும் பேசாமல் கோடு போட்டேன்.

முதல் வரியில் உப்பு விலை.
மை தொட்டேன்.
வெங்காயம், ஒன்று, என்று எழுதியது கை.
அடித்துவிட்டு உப்பை எழுதினேன்.
அடித்த இடம்
பின்பக்கத்திலும் தெரிகிறது.