விசிறியை நிறுத்துங்கள்

கெசோன் சிட்டி, கமுனிங் தெரு,
தையல்கடைக்கு மேலே
மூன்று நாள் வாடகைக்கு எடுத்த அறை.
நான் ஒலிப்பதிவுக்காரன்.
நீளக் கழி, நுனியில் மயிர் போர்த்திய மைக்,
காதை மூடிய ஹெட்போன்.
உடம்புகளைப் பார்க்க எனக்கு நேரமில்லை.
கழியின் நிழல் யார் முதுகிலும் விழக்கூடாது,
அவ்வளவுதான் என் கவலை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
மீன் லாரி ஓட்டுகிறவன் ஒருவன்,
அவனுக்கு மாடியறையை வாடகைக்கு விடுகிறவன் ஒருவன்.
மழை. ஒழுகும் தகரம். காய்ந்த சட்டை ஒன்றே ஒன்று.
மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.
டிக்கெட் எடுக்கிறவர்களுக்கும் தெரியும்,
தெரிந்துதான் எடுக்கிறார்கள்.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் கத்துவேன்:
விசிறியை நிறுத்துங்கள்!
திரையில் நீங்கள் பார்க்கும் வியர்வை
மோகத்தினால் வந்ததல்ல,
என் உத்தரவினால் வந்தது.

லாரிக்காரன் ருவெல், நிஜத்தில் கால்சென்டரில் இரவுப்பணி.
வீட்டுக்காரன் ஆர்ட்டெமியோ, போன வருஷம் வரை
கப்பலில் வெங்காயம் உரித்தவன்.
முத்தக் காட்சிக்கு முன் இருவரும்
ஒரே பொட்டலத்திலிருந்து புதினா மிட்டாய் எடுத்தார்கள்,
பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி.
தயாரிப்பாளர் விலியாரூஸ் அம்மாள்
மடியில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தார்:
தோல் இத்தனை நிமிடம், பேச்சு இத்தனை நிமிடம்,
தணிக்கைக்காரர்கள் வெட்டப்போவது இத்தனை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்.
இடத்தைக் காலி செய்யுமுன்
வெறும் அறையின் ஓசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
முப்பது விநாடி.
யாரும் அசையக்கூடாது, தும்மக்கூடாது.
பின்னால் வெட்டியதை ஒட்டும்போது
விரிசலில் பூசுகிற சுண்ணாம்பு அது.

மூன்றாம் நாள் இரவு அப்படி நின்றோம்.
கேமரா அணைந்துவிட்டது.
ஒரு போர்வைக்குள் அந்த இருவரும்.
கீழே ஒரு தையல் இயந்திரம் ஓடி நின்றது.
பத்தாவது விநாடி இரண்டு மூச்சு கேட்டது.
இருபதில் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுதான்.
அப்புறம் கொசு கடித்த முதுகில்
யாரோ மெல்ல ஊதுகிற சத்தம்.
வசனத்தில் அது இல்லை.
சம்பளத்திலும் இல்லை.
"கட்" என்று சொல்ல எனக்கு நாற்பத்தொரு விநாடி ஆனது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

படம் குபாவோவில் ஒரே வாரம் ஓடியது.
புதன்கிழமை மதியக் காட்சி, கடைசி வரிசை.
சீருடைக் கால்சட்டையோடு ஒரு காவலாளி,
விடைத்தாள் கட்டோடு ஒரு வாத்தியார்,
ஒரே பை வேர்க்கடலையை நடுவில் வைத்துக்கொண்டு
தலை நரைத்த இருவர்.
நான் பிடித்து வைத்த எல்லாவற்றின் மேலும்
பியானோவை ஊற்றியிருந்தார்கள்,
பழைய சோற்றில் பாயசம் ஊற்றியது போல.
சூடான காட்சிகளில் நாற்காலிகள் முனகின,
இருமினார்கள், ஒருவர் சிரிக்கவும் செய்தார்.

பிறகு காலை வந்தது.
ஆர்ட்டெமியோ முட்டை பொரிக்கிறான்.
ஒரு ஓரம் கருகுகிறது.
கருகாத பாதியை ருவெலின் தட்டில் தள்ளிவிட்டு,
திரும்பாமலே,
"சாப்பிட்டுட்டுப் போ" என்கிறான்.

அங்கே பியானோ இல்லை. காசு தீர்ந்திருக்க வேண்டும்.
கடலை மெல்லும் சத்தம் நின்றது.
வாத்தியார் கட்டை மார்போடு அணைத்திருந்தார்.
எனக்குத் தெரிந்த ஓசை அது,
ஆள் நிறைந்த அறையில் ஒருவரும் அசையாத ஓசை.
உடம்பைப் பார்க்க வந்தவர்கள்தான், நானும் மறுக்கவில்லை.
உடம்பு இரண்டு தெருவுக்கு ஒன்று கிடைக்கிறது இந்த ஊரில்.
விடிந்த பிறகும் போகாமல் இருக்கிற ஒருவனை
எண்பது பெசோவுக்கு
வேறு எங்கே காட்டுகிறார்கள்?

வீட்டுக்கு வந்தேன்.
கிரிசாந்தோ நாளைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்,
என்னுடையதையும் சேர்த்து.
பதினோரு வருஷமாக அப்படித்தான்;
நான் கவனித்ததில்லை, அந்தச் சத்தத்தை.

விசிறியை நிறுத்து, என்றேன்.
"இந்தப் புழுக்கத்திலா? எதுக்கு, டேக்கா?"
இல்லை, சும்மா.
முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான்.