கம்பிக்குக் கீழே ராஜா

வைகாசிக் கடைசியில் ஹொனலுலுவிலிருந்து
ஜெயசீலன் ஒரு படம் அனுப்பியிருந்தான்.
கறுப்பும் பொன்னுமாய் ஒரு ராஜா சிலை.
நீட்டிய கையிலிருந்து கால்வரைக்கும்
மாலை, மாலை, மாலை.
தீயணைப்பு வண்டி ஏணியில் ஏறித்தான் போடுவார்களாம்.
மறுநாள் ஊர்வலம்: குதிரைமேல் பெண்கள்,
குதிரைக் கழுத்திலும் பூ.
கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர்
போன் வழியாகத்தான் ராஜாவைக் கும்பிட்டார்களாம்.
"நம்ம குகை வண்டி வேடிக்கையை
எடுத்து அனுப்பு" என்று கீழே ஒரு வரி.
அங்கே ஓட்டல் சமையலறையில்
வெங்காயம் நறுக்குகிறவன்.

ஆடி வந்தது.
நான் கல்யாணம் எடுக்கிறவள்.
மாப்பிள்ளை பெண் என்றால் நில் என்றால் நிற்பார்கள்.
ஊர்வலம் யார் சொல்லியும் நிற்காது.
கொலுசுப் பட்டறை மொட்டைமாடியில்
தண்ணீர்த்தொட்டிக்கு முதுகைக் கொடுத்து
நாலு மணிக்கே இடம் பிடித்தேன்.
யார் வீட்டுக் குழந்தையோ
என் லென்ஸ் மூடியில் சுண்டல் வைத்துத் தின்றது.

சிவன் வந்தார்,
பேட்டரிப் பாம்பு தலையாட்டியது.
மகிஷாசுரன் கொட்டாவி விட்டபடி போனான்.
ராவணனுக்கு ஒன்பது தலை;
ஒன்று லைன்மேட்டில் விழுந்திருக்க வேண்டும்.
அப்புறம் பம்பை கூடி அடிக்க
ராஜா வண்டி.

எந்த ராஜா?
"சேரன்" என்றார் பட்டறைக்காரர்.
"மலையை ஆண்டவருங்க" என்றது கீழே டீக்கடை.
பேனரில் பெயர் இருந்த இடத்தை
ஒரு மாவிலைத் தோரணம் மறைத்திருந்தது.
மேலாடை மட்டும் சந்தேகமில்லாமல் ராஜா:
தோளில் தொடங்கி டிராக்டர் பெட்டி விளிம்பு வரை
மஞ்சள் சாமந்தி, முப்பது கிலோ.

லென்ஸை நெருக்கினேன்.
கிரீடத்துக்குக் கீழே தெரிந்த முகம்.
மாதேஸ்.
என் காலுக்குக் கீழே இருக்கும் இதே பட்டறையில்
பாலிஷ் போடுகிறவன்.
தங்கை கல்யாண ஆல்பத்தில்
எனக்கு மூவாயிரம் பாக்கி வைத்தவன்.
கைக்குப் பூசிய பொன்வண்ணம் நகக்கண்ணில் தோற்றிருந்தது,
அங்கே வெள்ளியின் கறுப்பு.
மூன்று மணி நேரமாய் ஒரு கையை நீட்டியபடி நிற்கிறான்.
அசைந்தால் பரிசு போய்விடும்.
மீசைப் பசை வியர்வையில் அவிழ்கிறது.

கரண்ட் கம்பி குறுக்கே வந்தது.
மூங்கில் கவட்டையால் தூக்கிப் பார்த்தார்கள்.
கிரீடம் இன்னும் ஒரு சாண் உயரம்.
யாரோ மின்வாரியத்துக்குப் போன் போட
தெரு மொத்தமும் அணைந்தது.
அதே நேரம் பார்த்து
ஜெனரேட்டரும் இருமி ஓய்ந்தது.

பம்பைகூட நின்றுவிட்டது.
எங்கோ ஒரே ஒரு தீவட்டி.
என்ன விழும் என்று தெரியாமல்
நாலு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன்.

வெளிச்சம் வந்தபோது
வண்டி கம்பிக்கு அந்தப்பக்கம்,
ராஜா பழையபடி சிலை.
கை நீட்டியபடி, கண் இமைக்காமல்.

கேமராவின் சின்னத் திரையில் பார்க்கிறேன்:
சாமந்தி மலை ஒன்று கலங்கிக் குனிகிறது.
கிரீடம் டிரைவர் கையில்.
டிரைவரின் இன்னொரு கையில்
தண்ணீர் பாக்கெட்.
அதன் மூலையைக் கடித்துக்கொண்டிருக்கிற
முகமில்லாத ஒரு வாய்.

பதினோரு படம் அனுப்பினேன்.
ஜெயசீலன் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டான்:
"எங்க ராஜாவும் கையை நீட்டிக்கிட்டேதான் நிக்கிறாரு.
யாராவது தண்ணி குடுத்தாங்களான்னு தெரியல."

திங்கட்கிழமை மாதேஸ் ஸ்டூடியோவுக்கு வந்தான்.
காதோரம் இன்னும் கொஞ்சம் பொன்.
பாக்கியில் ஐநூறு கொடுத்தான்.
குனிகிற படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
"இது வேணாங்க்கா, நேரா நிக்கிறதைக் குடுங்க" என்றான்.
பரிசு என்ன ஆச்சு என்றேன்.
ரெண்டாவதுதான்.
முதல் பரிசு ராவணனுக்கு.