எண்ணிக்கை நாள்

படிவத்தில் ஒரே கட்டம்.
குரங்கு. பக்கத்தில் எத்தனை என்று எழுத இடம்.
காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம்
உங்கள் எல்லைக்குள் தெரிவதை மட்டும்.

என் எல்லை என்பது
லயத்துக்குப் பின்னால் ஏழு பாத்தி லீக்ஸ்,
ஒரு பேரிக்காய் மரம்,
பாதி தோட்டத்துக்குச் சொந்தமான வேலி.

மரத்தில் செம்பட்டைக் கூட்டம்,
உச்சந்தலையில் வகிடு எடுத்த மாதிரி.
ஹீன்பண்டா இதை ரிலவா என்பார்.
மேலே காட்டோரம், கரிய முகமும் வெள்ளைத் தாடியுமாக
பனிக்குள் குந்தியிருப்பது வந்துரா.
அவருடைய படிவத்தில் இரண்டு கட்டம்.
நமக்கு மொழிபெயர்த்தவருக்கு
பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

மகளின் அகராதியைப் புரட்டினேன்.
கடுவன், ஆண். மந்தி, பெண்.
முசு.
ஊகம் என்ற சொல்லுக்கு அனுமானம் என்று தொடங்கி
மூன்றாவதாக, கருங்குரங்கு.

மந்தி எனக்குப் பழக்கம்.
கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று
பதினொரு வருடம் கணக்கப்பிள்ளை கூப்பிட்டது அப்படித்தான்:
"அடுத்த மந்தி, வா."
செக்ரோலில் அன்னபாக்கியம் என்று இருந்தது.
ஆம்பிளைகளை அவர் கடுவன் என்றதில்லை,
அவ்வளவு தமிழ் தெரியாதோ என்னவோ.

நானும் சொல்வேன், குரங்கே உட்காருடி,
சடை பின்னும்போது.
மகள் சிரித்துக்கொண்டே இன்னும் நெளிவாள்.
ஒரே கூடை, வீட்டில் ஒரு எடை,
அவர் தராசில் இரண்டு கிலோ வேறு.

எட்டு மணி.
பேரிக்காயில் பதினான்கு. இல்லை, பதினேழு.
ஒன்று இறங்கி லீக்ஸைப் பிடுங்கி
மோந்து பார்த்துவிட்டுப் போட்டது.
காட்டோரத்தில் இரண்டு,
மூன்றாவது மரக்கட்டையாக இருக்கலாம் என்று நினைத்தபோது
தொண்டையைத் திறந்து உறுமியது.
பட்டிப்பொல ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

கட்டத்துக்குக் கீழே ரூலர் வைத்து
நானே ஒரு கட்டம் கிழித்தேன்.
மந்தி என்று எழுதப் பேனா போனது.
மூன்றும் பெண்ணா, எனக்கென்ன தெரியும்?
அந்தச் சொல்லை யார்மேலும் போட மனமில்லை,
அதன்மேலும்கூட.

பதினொரு மணிக்கு ஆபீசர் வந்து வாசித்தார்.
குரங்கு, பதினேழு. சரி.
ஊகம், மூன்று.
கண்ணாடியைக் கழற்றினார்.
"அம்மா, ஊகம் எல்லாம் எழுதக்கூடாது.
பார்த்ததை எழுதுங்க."

பார்த்ததுதான் சார், என்றேன்.
தாடிகூட இருந்தது.