நிலுவை இல்லை

மே மாதம். காரைக்குடி வெயில்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறது.
கவுண்டருக்கு அந்தப் பக்கம்
மூன்றாம் ஆண்டு மொத்தமும் கையில் பச்சைத் தாளோடு.
ஆய்வகம், விடுதி, விளையாட்டுத் துறை எல்லாம் முடிந்து
கடைசி முத்திரைக்கு என்னிடம் வருவார்கள்.

பாண்டிமீனா. இளங்கலை இயற்பியல். கல்லல்.
எண்ணைத் தட்டினேன்.
எடுத்தவை சுழியம். திருப்பியவை சுழியம்.
அபராதம் சுழியம்.

இந்த முகம் எனக்குத் தெரியும்.

முதல் வருடம் இவளுக்கு அட்டை வரவில்லை.
அச்சடிக்க டெண்டர், டெண்டருக்கு ஒரு குழு,
குழுவுக்கு ஒரு கையெழுத்து குறைச்சல்.
அட்டை வந்தபோது நேரம் மாறியிருந்தது.
கடைசி வகுப்பு விடுவது நாலே முக்கால்,
புத்தகம் வழங்குவது நாலரை வரை.
மின்கட்டணம் மிச்சமாம்.
அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான்,
ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.
தொகுப்பூதியக்காரி வேறென்ன செய்வாள்.

இவள் கேட்ட புத்தகம் இரண்டு பிரதி.
ஒன்று ஆராய்ச்சி மாணவர்களுக்கு.
மற்றது கண்ணாடி அலமாரியில்;
சாவி துணை நூலகரிடம்,
துணை நூலகர் பணியிடம் காலி.
ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று
அந்தப் புத்தகத்தின் முதுகைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

பர்மா வரைக்கும் கப்பலேறிப் போய்க்
கடன் கொடுத்த சீமை இது.
ஒரு புத்தகம் கல்லல் வரைக்கும் போகவில்லை.

ஆய்வுக் குழு வந்த மாதம் மட்டும் எல்லாம் நடந்தது.
உயரவாரியாக அடுக்கினோம்,
பத்து நாளைக்கு யாரும் தொடக் கூடாது.
வருகைப் பதிவேட்டில் ஆள் போதாதென்று
வகுப்பு வகுப்பாகக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினோம்.
ஒரே தேதியில் நாலு பாண்டிமீனா,
இரண்டு நீலம், இரண்டு கறுப்பு,
கடைசியில் ஒருத்திக்குத் துணைக்கால் இல்லை.
‘மாணவர் பயன்பாடு மிக நன்று’ என்று
எழுதிவிட்டுப் போனார்கள்.
வந்த பணத்தில் முன்கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தது.
கால் பட, கால் படத்தான் அது மினுங்கும்.
எங்களுடையது இன்னும் மங்கல்.

“ஏதும் கட்டணுமாக்கா?”
“இல்லம்மா.”
“அப்ப அந்த ஐந்நூறு?”
சேர்ந்த அன்று வாங்கிய காப்புத்தொகை,
புத்தகம் தொலைந்தால் பிடித்துக்கொள்ள.
முழுசாகத் திரும்ப வரும் என்றேன், ஆறு வாரத்தில்.
சிரித்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

முத்திரையை எடுத்தேன்.
மைக்கு எழுதிக் கொடுத்து நாலு மாதம்.
வாயால் ஊதி, உடம்பெல்லாம் சாய்த்து அழுத்தினேன்.
‘நிலுவை’ மட்டும் விழுந்தது.

மறுபடி அழுத்தினேன், விழவில்லை.
மிச்சத்தைப் பேனாவால் எழுதிக் கொடுங்கக்கா என்கிறாள்,
பஸ்ஸுக்கு நேரமாகிறதாம்.
பேனா என் கையில்தான் இருக்கிறது.