ஐந்தாம் கட்டம்

சேவூர் போகிற வழியில் சின்னச் சிவன் கோயில்.
கும்பாபிஷேகத்துக்கு இருபத்தோரு நாள் இருக்கையில்
மண்டபச் சுவரில் ஏழு கட்டம் அடித்து
அவிநாசி முதலைக் கதையை எழுதச் சொன்னார்கள்.

முதல் கட்டத்தில் எதிரெதிர் வீடு,
ஒரே வயதில் இரண்டு பையன்கள்.
அப்புறம் குளம்.
மூன்றாவதில் முதலை வாயைத் திறந்தது;
பல்லுக்கு வெள்ளை பெயிண்ட் போதாமல்
சுண்ணாம்பு தொட்டு வைத்தேன்.
நான்காவதில் ஒருவன் மட்டும் கரையேறி ஓடுகிறான்.
ஆறில், ஒரு வாசலில் பூணூல் கல்யாணம்,
எதிர் வாசலில் அழுகை.
ஏழில், பாடியவர் நிற்க
வறண்ட குளம் நிறைந்து
முதலை பிள்ளையைக் கக்குகிறது,
விழுங்கிய வயதில் அல்ல,
வளர்ந்திருக்க வேண்டிய வயதில்.

ஐந்தாவதுதான் பிடிபடவில்லை.
அங்கே இருப்பது வருஷங்கள்.
வருஷத்துக்கு என்ன கலர்?
வெறும் தண்ணீரைப் பூசி விட்டுவிட்டேன்.

"முதலைன்னா காலமுங்க" என்றார் குருக்கள்.
"விழுங்கும். அவன் சொன்னாக் கக்கும்."
இருக்கலாம்.
காலத்துக்கு எதற்கு இத்தனை பல்?

சாந்துச் சட்டியை இறக்கிவிட்டு
மயிலாத்தாள் அண்ணாந்து கேட்டாள்:
"ஏனுங், அவங்கம்மா எந்தப் பொட்டியில இருக்கறா?"
காட்டினேன். முதலில் வாசலில்.
ஆறில், முந்தானைக்குள் முகம்.
"நடுவுல?"
பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது.
"நடுவுல அவ தண்ணிக்கு
அதே கொளத்துக்குத்தான போயிருப்பா?
தெனமும்.
வேற கொளம் ஏது?"

ராத்திரி பல்ப் கட்டி
நீலத்தின் வலது ஓரத்தில்
மணிக்கட்டு வரை ஒரு கை வரைந்தேன்.
ஒற்றை வளையல்.
கையில் குடம், பாதி நீரில்.

காலையில் கமிட்டி வந்தது.
"இத்தன எடம் சும்மாக் கெடக்குதே,
உபயம் எழுத இதுதான் தோது" என்றார் தலைவர்.
பணம் கொடுத்த சென்னியப்பன்
"தண்ணி இன்னும் தெளிவா இருக்கோணும்" என்றார்.
அவர் பட்டறைக்குப் பின்னால் ஓடும் பள்ளத்தில்
அந்த வாரம் சிவப்பு.

எழுதினேன். வெள்ளை எழுத்து, மஞ்சள் கரை:
உபயம், சென்னியப்பன், சாயப்பட்டறை.
கடைசி 'றை' கையில் போய் முட்டியது.
கொம்பைச் சுருக்கிக் குடத்துக்கு வழி விட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று சனம் மொத்தமும்
ஏழாவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.
மயிலாத்தாளுக்கு அன்னூரில் சித்தாள் வேலை, வரவில்லை.
ஐஸைச் சப்பிக்கொண்டே ஒரு பொடியன் மட்டும்
ஐந்தாவதின் முன்னால் நின்றான்.
"இந்தக் கொடம் உள்ள போகுதா, வெளிய வருதா?"

ஏணியை டெம்போவில் ஏற்றிவிட்டார்கள்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.