இடப்பக்கச் சக்கரம்

விடிகாலை ஐந்துக்கே முப்பத்து நான்கு டிகிரி.
ஸோஹாரில் ஜூன் மாதத்து இரவு என்பது
விளக்கை அணைத்து வைத்த பகல்.
கட்டடத்துக்குப் பின்னால், தகர நிழலில்,
பதினோரு வயது ஆல்ட்டிமா.
செவ்வாயோடு முல்கியா முடிகிறது.
கராஜில் கூலி மட்டும் நாற்பத்தைந்து ரியால் என்றார்கள்.
ஹப்பை நானே வாங்கி வந்தேன்,
எண்ணெய்த்தாளில் சுற்றி
இரண்டு தேங்காய் கனத்தில்.

ஓட்டுநர் இருக்கையில் ஜெசிந்தா.
வெள்ளைச் சீருடை. ஏழரைக்கு டாக்ஸி.
மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.
ஆனால் அச்சு நட்டைத் தளர்த்த
ஒருவர் பிரேக்கை மிதித்தாக வேண்டும்.

"மிதி."
மிதித்தாள்.

காட்டர் பின்னைப் பிடுங்கியாயிற்று.
முப்பத்திரண்டு சாக்கெட்,
அதன் வாலில் மாடிவீட்டு முராத் தந்த இரும்புக் குழாய்,
குழாயின் நுனியில் என் எழுபத்தெட்டு கிலோ.
அசையவில்லை.
ஏறி நின்று ஒரு குதி குதித்தேன்.
முராத் ஜன்னலைத் திறந்து
"என்ன வெடித்தது?" என்று இந்தியில் கேட்டான்.
எனக்கு வந்தது
கதவு சாத்துகிற அளவு சத்தம்தான்.

"விடு."
விட்டாள்.

பிறகு ஜாக்கி. சக்கரம்.
காலிப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது;
அவளுடைய ஹேங்கர் ஒன்றை நிமிர்த்தி
ஸ்பிரிங்கோடு கட்டினேன்.
டிஸ்க் வந்தது. சென்சர் வந்தது.
பின்னால் நான்கு போல்ட்டில் மூன்று ஒழுங்காக,
ஒன்று என் புறங்கைத் தோலோடு.
ஹப் மட்டும் வரவில்லை.
கடல் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர்.
பதினோரு வருடமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.
சுத்தியல் அதனிடம் எடுபடவில்லை.

ஒரு வழி இருந்தது:
போல்ட்டைப் பாதி திருகி,
அதன் தலைக்கும் அச்சின் தோளுக்கும் நடுவே
ஒரு கம்பியை முட்டுக் கொடுத்து,
இன்ஜினை ஓடவிட்டு
ஸ்டியரிங்கை ஒடிப்பது.

"வலது," என்றேன்.
"கைய எடு முதல்ல," என்றாள்.
மூன்று நாளில் அவளுடைய முதல் வாக்கியம்.
எடுத்தேன். ஒடித்தாள்.
போல்ட்டை மாற்றி, மறுபடி. மறுபடி.
துருப்பொடி உதிர்ந்தது, மிளகாய்த்தூள் நிறத்தில்.
ஹப் மணலில் விழுந்தது.

எண்பதைத் தாண்டினால் ஓர் இரைச்சல் வருகிறது என்று
ஏப்ரலிலேயே சொன்னாள்.
ரோடு என்றேன். டயர் என்றேன்.
கடைசியில் மெக்கானிக்கும் கேட்டுவிட்டுச் சொன்ன அன்று
"பழுது ரெண்டு இருக்கு, வண்டியில ஒண்ணுதான்," என்றாள்.
அதிலிருந்துதான் பேச்சில்லை.
அவள் வேலை, கிளினிக்கில் சத்தம் புகாத அறையில்
மனிதர்களின் காதில் சிறுசிறு ஒலிகளை ஊற்றி
விரல் உயர்கிறதா என்று பார்ப்பது.
என் வேலை, பதினான்கு வருடமாக
உருக்காலையில், உருளைகளுக்குப் பக்கத்தில்.

இறங்கி வந்தாள்.
சீருடையைப் பற்றிக் கவலைப்படாமல்
ஹப்பை எடுத்து என் வலது காதருகே பிடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கே தெரிந்தது என்ன செய்ய வேண்டுமென்று.
கண்ணை மூடினேன்.
காத்திருந்தேன், நியாயமான ஒரு நேரம்.
விரலைத் தூக்கினேன்.

"இன்னும் சுத்தவே இல்ல," என்றாள்.

பக்கத்துத் தகரத்தில் புறா நடந்திருக்கலாம்.
ஏ.சி.கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.
என் கையை இழுத்து ஹப்பின் மேல் வைத்துச் சுழற்றினாள்.
விரலில் கேட்டது:
ரவை, கல், பல் கடிப்பு,
எல்லாம் உள்ளே இருந்தது.

புது ஹப் பத்து நிமிடத்தில் உட்கார்ந்தது.
சக்கரத்தை இறக்கினேன்.
டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தானாம்;
அவள் கையைக் காட்டி நிற்கச் சொன்னாள்,
திரும்பப் போய் உட்கார்ந்து
நான் கேட்காமலே பிரேக்கை மிதித்தாள்.
டார்க் ரெஞ்ச்சை இழுத்தேன்.
இன்னும் இழுத்தேன்.

"போதும்," என்றாள் உள்ளிருந்து.
"அது சொல்லிடுச்சு."