கிலோ இரண்டு ரூபாய்

பூங்காவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
பதினோரு இரவாகக் கட்டுகிறோம்.
நான் பாலக்கோட்டில்,
போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து;
தஸ்லீமா காவேரிப்பட்டணத்தில், போர்வைக்குள்;
மாதேஷ் ஓசூரில், ஷிப்ட் முடிந்து
சாக்ஸைக்கூடக் கழற்றாமல்.
சென்றாயன் எங்கிருக்கிறான் என்று
அவன் சொல்வதில்லை.
பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும்
சத்தம் மட்டும் கேட்கும்.

முதலில் நிலம் பிரித்தோம்.
வெளியே நான்கு பேருக்கும் சேர்த்து
ஒரு சென்ட் கிடையாது.
இங்கே தஸ்லீமா ஒற்றை விரலால்
ஏரியை இழுத்து மலைமேல் வைத்தாள்.
"தண்ணி கீழ வந்துடாதா?"
"வரட்டும். அதுக்கும் டிக்கெட் போடலாம்."

அவளுடைய பரிசல்
அருவியில் கீழிருந்து மேலே போகும்.
சுற்றிச் சுற்றி ஏறி
மேகத்தில் முட்டி நிற்கும்.
அங்கே ஒரு ஆள் மீன் வறுத்துக்கொண்டிருப்பான்.
மேகத்திலும் இலையில்தான் தரவேண்டுமா என்று
ஒரு மணி நேரம் சண்டை.
இலை ஜெயித்தது.

மாதேஷ் செய்தது டவுன்பஸ்.
எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை.
எப்படி என்றால்,
பேருந்தை முறுக்கு மாதிரி வளைத்துவிட்டான்.
கண்டக்டரே தேடிவந்து
மீதிச் சில்லறை கொடுப்பார்.
அதைத்தான் ஜனங்களால் நம்ப முடியவில்லை.
எண்ணிப் பார்த்துவிட்டு
மறுபடியும் வரிசைக்குப் போகிறார்கள்.

நான் கழிப்பறை கட்டினேன்,
வேறு யாரும் கட்டவில்லை என்பதால்.
பதினான்கு. எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள்.
பையன்கள் சிரித்தார்கள்.
தஸ்லீமா சிரிக்கவில்லை.
சங்கிலி போடாத குவளை வை என்றாள்.

ஆறாம் இரவு
சென்றாயன் ரோலர் கோஸ்டரைக் காட்டினான்.
தண்டவாளம் என்னவோபோல் இருந்தது:
திக்கித் திணறி ஏறி,
ஆடியில் செங்குத்தாய் வானத்துக்குப் போய்,
தொப்பென்று விழுந்து,
அப்புறம் வெகுதூரம்
தரையோடு தரையாய்.
"என்னடா கிறுக்கல் இது?"
"போன வருஷத் தக்காளி வெல.
நம்ம மார்க்கெட்டு. நாள்வாரியா."

லாரி ரிவர்ஸ் எடுத்தது.

உச்சியில் நூற்றுப்பத்து என்று பலகை.
அங்கே வண்டி கொஞ்சம் நிற்கும்,
கடன் கொடுத்தவனுக்குப் போன் போட்டு
திமிராக இரண்டு வார்த்தை
பேசிவிடும் அளவுக்கு.
பிறகு விழும்.
கீழே, இரண்டு ரூபாய்,
பறிகூலிகூடக் கட்டாத அந்த நீளத்தில்
சிவப்புக் குளத்தைக் கிழித்துக்கொண்டு போகும்.
இறங்குகிறவர்கள் சாறு சொட்ட இறங்குவார்கள்.

பள்ளத்தைக் கொஞ்சம் தூக்கிடலாமே,
எட்டு ரூபாய்க்காவது, என்றாள் தஸ்லீமா.
தூக்கிப் பார்த்தோம்.
வண்டி சாதுவாக உருண்டது.
ஒருவரும் அலறவில்லை. வரிசை கலைந்தது.
"பழையபடி எறக்கு" என்றான்.
"விழறதுக்குத்தான் காசு குடுக்கிறாங்க.
எங்கப்பாவும் குடுத்துத்தான் விழுந்தாரு.
லாரி வாடகை, கமிஷன், எறக்குக் கூலி."

நேற்று கதவைத் திறந்தோம்.
சோதனைக்கு இருநூறு பொம்மை மனிதர்கள்.
மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் மட்டும்
திரும்பத் திரும்ப விழப் போனான்.
பையில் காசு தீர்ந்ததும்
என் நான்காவது கழிப்பறைக்கு வந்து
சட்டையை அலச ஆரம்பித்தான்.
அப்படியொரு வேலையை அவனுக்கு
நாங்கள் யாரும் எழுதவில்லை.

பிழை, நீக்கிவிடலாம் என்றான் மாதேஷ்.
"வுடுறா" என்றான் சென்றாயன்,
"அவன் கையில ஏதாச்சும் போடு."
எவ்வளவு என்று கேட்பதற்குள்
அவன் பக்கம் ஏலம் தொடங்கிவிட்டது.

அணைக்காமலே
போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
திரை இருண்டது.
துணி உரசும் சத்தம், யாரோ இருமல்,
கிரேடு கிரேடாய் இறங்கும் சத்தம்.
நாங்கள் மூவரும் பேசாமல் கேட்டோம்,
இன்றைக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று.

தஸ்லீமா அதற்குள்
தண்டவாளத்தின் நுனியைப்
பிடித்துக்கொண்டிருந்தாள்.